பயோன் பாஸ்க் அருங்காட்சியகம்: அவசரமாகப் போகாதீர்கள்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பயோனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பேராலயத்தைப் பார்த்து, சாக்லேட் வாங்கி, அப்படியே பியாரிட்ஸ் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஊர் நடுவே ஓடும் நீவ் ஆற்றங்கரையிலேயே ஒரு பழைய வணிகர் வீட்டில் இருக்கிறது பாஸ்க் அருங்காட்சியகம், பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையின் இரு பக்கமும் தனி மொழியோடு வாழும் பாஸ்க் மக்களைப் பற்றியது, தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். 1922-இல் தொடங்கியது, 1989-இல் மூடி 2001-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வீடும் சாவும் பற்றிய பகுதிகள். பாஸ்க் மக்களுக்கு வீடுதான் எல்லாம். மனிதர்களுக்குப் பெயரே வீட்டை வைத்துத்தான் வந்தது, பயோனைச் சுற்றியுள்ள லாபுர்தி பகுதியில் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்புவரை ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே வீடு போய்ச் சேரும். இது தெரிந்துகொண்டு பார்த்தால் அடுப்போரம் போடும் சுசுலு என்கிற உயர்ந்த முதுகுப் பலகை பெஞ்சு வெறும் மரச்சாமானாகத் தெரியாது. முதுகுப் பலகையிலிருந்து ஒரு துண்டை இறக்கிவிட்டால் அதுவே சாப்பாட்டு மேசை! பக்கத்திலேயே ‘கைக்கு’ என்கிற, ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்த சாய்ந்த பால் பாத்திரம். நெருப்பில் வைக்க முடியாதே, அப்புறம் பால் எப்படிக் காயும்? பழுக்கக் காய்ந்த கல்லை உள்ளே போடுவார்களாம், அந்தக் கருகல் வாசனைதான் அங்கத்திய உறைபாலுக்கு ருசி.

வட்டத்தலைக் கல்லறைக் கற்கள் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தேவாலயத் தரையில் தனி இடம் இருந்திருக்கிறது, அங்கே இறந்தவர்களுக்காக மெழுகுத்திரி ஏற்றுவது வீட்டுப் பெண்ணின் கடமை. வீட்டுத் தலைவர் இறந்தால் தேனீக்களிடமும் போய்ச் சேதி சொல்வார்களாம், மெழுகு தருவது அவைதானே. இதைப் படித்ததும் எனக்குச் சட்டென்று நகர மனம் வரவில்லை.

மகிலா கைத்தடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மரம் உயிரோடு நிற்கும்போதே வசந்தத்தில் பட்டையைக் கீறிவிடுகிறார்கள், காயம் ஆறித் தழும்பேறி அதுவே சித்திரவேலையாகிவிடுகிறது. பிடியைக் கழற்றினால் உள்ளே கூரான முள்! பெலோட்டா பந்தாட்டப் பகுதி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: கையில் மாட்டிக்கொண்டு பந்தை வீசும் நீண்ட வளைந்த சிஸ்டேரா கூடை, நம் முறத்தை நீட்டி வளைத்தது போல இருக்கும். பயோனுக்குச் சாக்லேட் செய்யும் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பெயின், போர்த்துக்கலிலிருந்து தப்பி வந்த யூதர்கள். அவர்கள் கதைக்கும் இடம் கொடுத்திருப்பது நியாயமான காரியம்.

துறைமுகம், வணிகம் பற்றிய அறைகளை நான் வேகமாகத்தான் கடந்தேன். ஒன்று சொல்ல வேண்டும், இங்கே முக்கால்வாசி பழைய கிராம வாழ்க்கைதான். இன்றைய பாஸ்க் மொழியையும் பாட்டையும் கேட்க வேண்டுமென்றால் வெளியே வந்து பெத்தி பயோன் தெருக்களில் நடங்கள், அருங்காட்சியகமே அந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. உள்ளே குறைந்தது 2 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோடை தவிர மற்ற மாதங்களில் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை, நாள் பார்த்துக்கொண்டு போங்கள்.