பொன் விதியா, சமன்பாடா, டேலியா?

பி.காம் முதலாண்டு மாணவரை முதலில் கவிழ்ப்பது 'வரவு' என்ற சொல்தான். வீட்டில் வரவு என்றால் கைக்கு வரும் பணம். கணக்குப்பதிவு வகுப்பிலோ வரவு என்றால் கிரெடிட்; ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று, அதாவது டெபிட்! இதைத் தாண்ட மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

பழைய வழி, பொன் விதிகள். கணக்கு ஆள்சார்ந்ததா, சொத்தா, பெயரளவா (செலவு, வருமானம்) என்று பிரி. பிறகு 'பெறுபவர் பற்று, தருபவர் வரவு' என்பது போன்ற விதியைப் பொருத்து. மனப்பாடமாகிவிட்டால் தேர்வில் மளமளவென்று எழுதலாம். ஆனால் 'கொடுபட வேண்டிய வாடகை' வந்ததும் பேனா நிற்கும். வாடகை பெயரளவுக் கணக்கு. முன்னால் 'கொடுபட வேண்டிய' ஒட்டிக்கொண்டால் ஆள்சார் கணக்கு, கட்டட உரிமையாளருக்குப் பதிலாக நிற்கிறதாம்.

அடுத்தது சமன்பாடு: சொத்து = பொறுப்பு (கடன், பாக்கி) + முதல் (உரிமையாளர் போட்ட பணம்). 50,000 ரூபாய் போட்டு ஜெராக்ஸ் கடை திறக்கிறீர்கள். 30,000 ரூபாய்க்கு மெஷின். 10,000 ரொக்கம், மீதி கடன். இப்போது ரொக்கம் 40,000, மெஷின் 30,000, ஆக 70,000. எதிர்ப்பக்கம் கடன் 20,000, முதல் 50,000. அதே 70,000. சொத்து கூடினால் பற்று. பொறுப்போ முதலோ கூடினால் வரவு. செலவு முதலைக் கரைக்கும், அதனால் பற்று. வாடகை பாக்கி? பொறுப்பு கூடியது, வரவு. அவ்வளவுதான். நாம் போட்ட பணம் பாஸ்புக்கில் ஏன் வரவாக இருக்கிறது என்ற புதிரும் அவிழ்ந்துவிடும். அந்தப் பணம் வங்கிக்குப் பொறுப்பு, ஆகவே அவர்கள் ஏட்டில் வரவு. நமக்குச் சொத்து, நம் ஏட்டில் பற்று. முதல் இரண்டு வாரம் மந்தமாகத்தான் போகும். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. விடையைச் சரிபார்க்கப் பொன் விதிகள் இருக்கட்டும்.

மூன்றாவது டேலி, கணக்கு எழுதும் மென்பொருள். எஃப்5 அழுத்தினால் பணம் கொடுத்த பதிவு, எஃப்6 அழுத்தினால் பெற்ற பதிவு. வேலை தேடும்போது கைகொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதில் லெட்ஜர், அதாவது ஒரு கணக்கு, திறக்கும்போது அது எந்தக் குரூப்பின் கீழ் வரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த ஜெராக்ஸ் மெஷினை மறைமுகச் செலவில் போட்டுப் பாருங்கள். டேலி தடுக்காது, பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் இருப்பாய்வும் அழகாகச் சமமாகும். லாபத்தில் மட்டும் 30,000 ரூபாய் காணாமல் போயிருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டும் முன், ஒரு கடையின் ஒரு மாதக் குறிப்பேட்டையும் (ஜர்னல்) பேரேட்டையும் (லெட்ஜர்) நீள நோட்டில் கையால் எழுதிவிடுங்கள்.