பிடிஎஃப் வியூவர்ல பிரிண்டர் காட்டலையா? எவின்ஸ், ஒகுலர், பிரவுசர், டெர்மினல் – எது உண்மையைச் சொல்லுது

பிடிஎஃப் திறக்குது, கன்ட்ரோல் பி அழுத்தினா டயலாகும் வருது, ஆனா லிஸ்ட்ல "ஃபைலில் அச்சிடு" மட்டும் உக்காந்திருக்கு, பிரிண்டர் பேரையே காணோம். லினக்ஸ் டெஸ்க்டாப்ல இது ரொம்ப சகஜம். உடனே டிரைவரை அழிச்சிட்டு திரும்பப் போடத்தான் எல்லாருக்கும் கை போகுது, ஆனா அதுக்கு முன்னாடி அதே ஃபைலை வேற ஒரு வியூவர்ல திறந்து பிரிண்ட் கொடுத்துப் பாத்தாலே பாதி விஷயம் வெளிய வந்துடும், ஏன்னா பிரிண்டர் லிஸ்ட்டை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வழியில வாங்குது. அதனால இங்க எது அழகான வியூவர்ங்கிற பேச்சே வேணாம், பிரிண்டர் காணாமப் போன நேரத்துல எது நமக்கு உதவுதுன்னு மட்டும் பாப்போம்.

எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது கப்ஸ், பிரிண்ட் வேலையெல்லாம் பாத்துக்கிற சர்வீஸ். 1999ல வெளிவந்தது, 2002ல ஆப்பிள் மேக்லயும் சேத்துக்கிச்சு, இப்போ பெரும்பாலான லினக்ஸ்ல அதான். பிரிண்டர் லிஸ்ட்டுக்கு வியூவர் போய் நிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். கப்ஸே ஓடலன்னா எந்த வியூவரை மாத்தினாலும் பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது.

எவின்ஸ்ல இருந்து ஆரம்பிப்போம், குனோம் டெஸ்க்டாப் போட்டவங்க நிறைய பேருக்கு பழக்கமானது இதுதான். இது காட்டுற டயலாக் அதோட சொந்த டயலாக் இல்ல, விண்டோ, பட்டன் எல்லாம் வரையுற ஜிடிகேங்கிற லைப்ரரி கொடுக்கிறது. அதுக்குள்ள கப்ஸுக்கு ஒரு மாட்யூல், ஃபைலுக்கு ஒரு மாட்யூல்னு தனித்தனியா இருக்கு. கப்ஸ் மாட்யூல் இல்லன்னாலோ கப்ஸ் சர்வீஸ் நின்னு போயிருந்தாலோ பெரும்பாலும் ஃபைல் மாட்யூல் மட்டும் மிஞ்சும், அதனாலதான் அந்த ஒத்தை வரி. இதுல ஒரு நல்ல விஷயம், ஜிடிகே கப்ஸோட நிக்காம அவாஹி (நெட்வொர்க்ல இருக்கிற சாதனங்களைக் கண்டுபிடிக்கிற சர்வீஸ்) வழியா நெட்வொர்க்லயும் தானே தேடுது, அதனால யாரும் செட்டப் பண்ணாத வைஃபை பிரிண்டர் கூட சில நொடி கழிச்சு லிஸ்ட்ல வந்து நிக்கும் (டயலாக் திறந்த உடனே காணோம்னு மூடிடாதீங்க, கொஞ்சம் பொறுங்க). இதுலயே வர்ற தலைவலி, ஒரே பிரிண்டர் ரெண்டு பேர்ல தெரியும், ஒண்ணு கப்ஸ்ல இருந்து வந்தது இன்னொண்ணு நேரா அவாஹில இருந்து, எதை கிளிக் பண்றதுன்னு புரியாது. என்னோட பெரிய குறை என்னன்னா எவின்ஸ் ஏன் காட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லாது. வாயே திறக்காது. குனோம் 49ல எவின்ஸ் இடத்துக்கு பேப்பர்ஸ் வந்தாச்சு, ஆனா அதுவும் ஜிடிகே டயலாக்தான், அதனால இந்த விஷயத்துல பெரிய மாற்றம் எதிர்பாக்காதீங்க.

உபுண்டுல எவின்ஸுக்கு ஆப்ஆர்மர்னு, புரோகிராம் எதைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற காவல் ஒண்ணு கூடவே வரும். எவின்ஸ்ல மட்டும் பிரச்சனை, மத்ததுல எல்லாம் சரியா இருக்குன்னா சிஸ்டம் லாக்ல ஆப்ஆர்மர் எதையாவது மறுத்திருக்கான்னு பாருங்க.

ஒகுலர் வேற ரகம். கேடிஇ டெஸ்க்டாப்போட ஆளு, ஜிடிகே மாதிரியே இன்னொரு லைப்ரரியான க்யூட்டியோட டயலாக். இது கப்ஸ் லைப்ரரி தர்ற லிஸ்ட்டை வாங்கிக்கும், அவாஹி கிட்ட தனியா போய் நிக்காது, அதனால எவின்ஸ்ல ரெண்டா தெரியுற பிரிண்டர் இதுல ஒண்ணா தெரியலாம். ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. பிடிஎஃப்பை ஒகுலர் சாதாரணமா போஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கிற பிரிண்டர் மொழிக்கு மாத்தி எல்பிஆர் (lpr) கமாண்டு கிட்ட கொடுத்துத்தான் பிரிண்ட் பண்ணும், அந்த கமாண்டு மெஷின்ல இல்லன்னா பிரிண்டர் லிஸ்ட்ல பளிச்சுனு தெரியும், ஓகே கொடுத்தா பிரிண்ட் பண்ண சரியான பைனரி கிடைக்கலன்னு எரர் வரும். டெபியன், உபுண்டுல கப்ஸ் பிஎஸ்டி (cups-bsd) பேக்கேஜ் போட்டா தீர்ந்துது. எரர் வர்றது எரிச்சல்தான், ஆனா எவின்ஸோட மௌனத்துக்கு இது எவ்வளவோ தேவலாம், தேடிப் பாக்க ஒரு வாசகமாவது கையில கிடைக்குது. அதோட பிரிண்ட் ஆப்ஷன்ல பக்கத்தை படமா மாத்தி அனுப்புற வசதியும் இருக்கு, எழுத்து உடைஞ்சு வர்ற ஃபைலுக்கு அது கை கொடுக்கும்.

பிரவுசர் பத்தி நீட்ட வேண்டியதில்ல. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் சொந்தமா பிரிண்ட் பிரிவ்யூ வச்சிருக்கு, சிஸ்டம் டயலாக்குக்கு போகவும் வழி இருக்கு (குரோம்ல கன்ட்ரோல் ஷிஃப்ட் பி). இதுதான் இதுல ருசியான விஷயம், பிரிவ்யூல பிரிண்டர் தெரியுது சிஸ்டம் டயலாக்ல தெரியலன்னா கோளாறு ஜிடிகே பக்கம்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம். ஒரே புரோகிராம்ல ரெண்டு வழியையும் சோதிக்கலாம். அவசரத்துக்கு பிரவுசர்லயே பிரிண்ட் எடுத்துட்டு போறவங்களை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா ஓரத்துல எவ்வளவு இடம் விடணும், அளவை சுருக்கணுமா வேணாமான்னு அளவு பிசகக் கூடாத ஃபார்ம் எல்லாம் எடுக்கும்போது ஒரு தடவைக்கு ரெண்டு தடவை செட்டிங் பாருங்க.

டெர்மினல்னா சிலருக்கு பயம். ஆனா இந்த நாலுல நேர்மையான சாட்சி அதுதான். எல்பிஸ்டாட் (lpstat) கமாண்டுக்கு ஆர் ஆப்ஷன் (-r) கொடுத்தா கப்ஸ் ஓடுதா இல்லையான்னு ஒரே வரி, ஈ ஆப்ஷன் (-e) கொடுத்தா நாம சேத்த பிரிண்டர், நெட்வொர்க்ல தானா கண்டுபிடிச்சது எல்லாமே, பி ஆப்ஷன்ல (-p) கப்ஸ்ல ஏற்கனவே இருக்கிற க்யூ (பிரிண்டருக்கான பதிவு) மட்டும். ஈ ஆப்ஷன்ல வருது, பி ஆப்ஷன்ல வரலன்னா பிரிண்டர் நெட்வொர்க்ல உயிரோட இருக்கு, ஆனா நிரந்தரமா யாரும் சேக்கலன்னு அர்த்தம். ரெண்டுலயும் வருது, வியூவர்ல மட்டும் காணோம்னா கோளாறு வியூவர்லதான், டிரைவரை தொடாதீங்க. ரெண்டுலயுமே இல்லன்னா வியூவரை நோண்டி பிரயோஜனமே இல்ல, கேபிள், வைஃபை, ஃபயர்வால் பக்கம் போங்க. தானா கண்டுபிடிக்கிறதுக்கு யூடிபி 5353 திறந்திருக்கணும், கெஸ்ட் வைஃபைல இருந்தா பெரும்பாலும் ஒரு சாதனத்துக்கு இன்னொரு சாதனம் கண்ணுக்கே தெரியாது.

நீங்க போட்டிருக்கிற வியூவர் ஃப்ளாட்பேக்கா (சிஸ்டத்துல இருந்து பிரிச்சு ஓடுற ஆப் பேக்கேஜ்) இருந்தா கதை கொஞ்சம் மாறுது. அது அடைச்ச அறைக்குள்ள ஓடுறதால பிரிண்ட் டயலாக் போர்ட்டல்ங்கிற இடைத்தரகர் சர்வீஸ் வழியா வெளிய இருந்து வரணும். குனோம், கேடிஇல இதுக்கு ஆள் இருக்கு, ஆனா ஸ்வே மாதிரி வெறும் விண்டோ மேனேஜர் மட்டும் போட்டவங்க கிட்ட பிரிண்டுக்கான போர்ட்டல் இல்லாமலே இருக்கலாம், அப்போ டயலாக்கே வராது. போர்ட்டலோட ஜிடிகே பேக்கேஜை போட்டு லாகவுட் பண்ணி வந்தா சரியாகும், இல்லன்னா டிஸ்ட்ரோவோட சாதா பேக்கேஜுக்கு மாறிடுங்க, பிரிண்ட் நிறைய எடுக்கிறவங்களுக்கு நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

நேத்து வரைக்கும் தெரிஞ்சது இன்னிக்கு காணோம்ங்கிற கேஸ்ல கப்ஸ் பிரவுஸ்டையும் (நெட்வொர்க் பிரிண்டரை தேடி தானா க்யூ போடுற சர்வீஸ்) பாருங்க. 2024 செப்டம்பர்ல அதுல பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு, யூடிபி 631ல ஒரு பாக்கெட் அனுப்பியே பொய் பிரிண்டர் ஒண்ணை சேத்து, அதுல பிரிண்ட் கொடுத்தா வெளியாளோட கமாண்டு நம்ம மெஷின்ல ஓடுற மாதிரி. அந்த சர்வீஸை நிறுத்துங்கன்னு அப்போ சொன்னாங்க, நிறைய பேர் நிறுத்தினாங்க, அது தானா உருவாக்கி வச்சிருந்த க்யூ எல்லாம் கூடவே போச்சு. திரும்ப அதை ஓட விடுறதை விட ஒரு நிரந்தர க்யூ போட்டுக்கிறது மேல். பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 631 (localhost:631) திறந்து பிரிண்டரை சேருங்க, மாடல் கேட்டா ஐபிபி எவ்ரிவேர் (தனி டிரைவர் வேண்டாத பொது முறை) கொடுங்க, ஆப்பிளோட ஏர்பிரிண்ட் வசதி இருக்கிற வைஃபை பிரிண்டர் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே இதுல ஓடும். ஐபி அட்ரஸ் கொடுத்து சேத்தா ரவுட்டர்ல அந்த ஐபியை பிரிண்டருக்கே ஒதுக்கி வைங்க, இல்லன்னா அட்ரஸ் மாறின அன்னிக்கு பிரிண்டர் லிஸ்ட்ல இருக்கும், ஆனா பேப்பர் வராது.

விண்டோஸ்ல வியூவரை மாத்தி மாத்திப் பாக்கிறதுல இவ்வளவு லாபம் இல்ல, அங்க எல்லா வியூவருக்கும் லிஸ்ட் ஸ்பூலர்ங்கிற விண்டோஸோட பிரிண்ட் சர்வீஸ்ல இருந்துதான் வருது, பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு வியூவரை மூடித் திறங்க.

லினக்ஸ்ல யூஎஸ்பி பிரிண்டருக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. புது டிஸ்ட்ரோல ஐபிபி யூஎஸ்பின்னு ஒரு சர்வீஸ் இருக்கு, யூஎஸ்பில மாட்டின பிரிண்டரையும் நெட்வொர்க் பிரிண்டர் மாதிரி காட்டுறதுக்கு. அது யூஎஸ்பியை பிடிச்சுக்கிட்டா பழைய டிரைவர் வச்சு போட்ட க்யூவுக்கு அந்த பிரிண்டர் கிடைக்காது, லிஸ்ட்ல பேர் இருக்கும், ஜாப் மட்டும் தொங்கிக்கிட்டே இருக்கும். பழைய க்யூவை அழிச்சிட்டு புதுசா தெரியுறதை எடுத்துக்கலாம், இல்ல பழைய டிரைவர்லதான் நமக்கு வேண்டிய ஆப்ஷன் எல்லாம் இருக்குன்னா ஐபிபி யூஎஸ்பியை நிறுத்திட்டு கேபிளை கழட்டி மாட்டுங்க.