பாதி விலை மைக், பழைய ஆம்ப், பேர் தெரியாத புதுசு: ஏலத்தில் எதைக் கேட்கலாம்?

இணைய ஏலத்தில் ஆடியோ சாமான் தேடுகிறவர் கண்ணில் ஒருநாள் அது பட்டே தீரும். கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பேர்பெற்ற நிறுவனத்தின் மைக். சீல் பிரிக்காத பெட்டி. "நூறு சதவீதம் அசல்" என்ற உறுதிமொழி. ஏலம் முடிய இன்னும் சில மணி நேரம்தான் இருக்கும். கை பரபரக்கும்.

அந்த நேரத்தில் "இது போலியா?" என்று மட்டும் யோசித்தால் போதாது. இதே பணத்துக்கு வேறு என்ன வாங்கலாம் என்றும் பார்க்க வேண்டும். யாரோ சில வருடம் பயன்படுத்திய அசல் சாமான் கிடைக்கும். அவ்வளவாகப் பேர் எடுக்காவிட்டாலும் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கும் நிறுவனத்தின் புதுச் சரக்கு கிடைக்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால், திரும்பி வந்ததை நிறுவனமே சரிபார்த்து மறுபடி விற்பதும் கிடைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்து ரிப்பேர் பார்க்க முடிகிற சாமான் என்றால் பழைய அசல்தான். பேட்டரி உள்ளது, காதுக்குள் செருகுவது என்றால் சொந்தப் பெயர் போட்ட மலிவுப் புதுசு. பேர்பெற்ற பிராண்டு, புதுசு, அடிமாட்டு விலை என்ற மூன்றும் ஒன்றாக வருகிற சரக்கை எந்த வேலைக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மைக்கிலிருந்து ஆரம்பிப்போம். போலி அதிகம் புழங்குவது அங்கேதான். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 வந்தது 1966இல். இன்றுவரை அதன் தோற்றம் பெரிதாக மாறவில்லை, உலகம் முழுக்க மேடைகளில் கிடக்கிறது. போலி செய்கிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அந்த உருண்டை வலையையும் சாம்பல் நிறக் கைப்பிடியையும் வார்ப்பது பெரிய காரியமே இல்லை. கஷ்டம் உள்ளே இருக்கிறது. அசலில் கைப்பிடிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் உண்டு. கையில் பிடிக்கும்போது எழும் உரசல் சத்தம் உள்ளே போகாதபடி, குரலை மின்சாரமாக மாற்றும் கேப்ஸ்யூலை அதிர்ச்சி தாங்கும் அமைப்பில் நிறுத்தியிருப்பார்கள். மொத்த எடை 298 கிராம். மலிவுப் போலிகள் பலவற்றில் அந்த டிரான்ஸ்பார்மரே இருக்காது. தூக்கிப் பார்த்தாலே லேசாக இருக்கும். ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது. தலைப்பகுதியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்ப்பதுதான் உருப்படியான சோதனை.

வீட்டில் "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பார்த்தால் போலியும் பேசும். அதனால்தான் பலர் ஏமாந்ததையே அறியாமல் இருக்கிறார்கள். மேடையில் ஏற்றினால் வேறு கதை. பாடகர் தன் குரலைக் கேட்க வைத்த மானிட்டர் ஸ்பீக்கர், அவர் காலடியில் மைக்கின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். முன்னால் வரும் குரலை வாங்கி, பின்னால் வரும் சத்தத்தைத் தள்ளுவதுதான் கார்டியாய்டு மைக்கின் வேலை. கேப்ஸ்யூலைச் சுற்றியுள்ள காற்றுத் துளைகளை நுணுக்கமாக அமைத்தால்தான் அது நடக்கும். போலியில் அந்த நுணுக்கம் தப்பினால், ஸ்பீக்கர் சத்தமே மறுபடி மைக்குக்குள் புகுந்து, வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியதும் "கூ" என்று ஊளையிட ஆரம்பித்துவிடும். பாட்டுக்கு நடுவில் ஊளையிட்டால் பழி பாடுகிறவர் மேலோ, பாவம், மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் மேலோ விழும்.

இதற்கு எதிரே பெரிங்கரின் எக்ஸ்.எம்.8500ஐ வைத்துப் பாருங்கள். அதுவும் கையில் பிடிக்கிற டைனமிக் கார்டியாய்டு மைக்தான், அதுவும் மலிவுதான். ஆனால் யார் செய்தது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு வாங்கும் என்ற விவரம் அச்சில் இருக்கிறது. இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி பேசும் என்று எதிர்பார்க்கலாம். போலியில் இந்த எதிர்பார்ப்புக்கே இடமில்லை. இன்று கிடைத்தது ஓரளவு நன்றாகப் பேசலாம். அதே விற்பனையாளரிடம் அடுத்து வாங்குவது எந்தப் பட்டறையிலிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய அசல் 58 கிடைத்தால் இரண்டையும்விட மேல். வலை நசுங்கியிருந்தால் வலையை மட்டும் மாற்றலாம், கேப்ஸ்யூல்கூடத் தனியாகக் கிடைக்கிறது.

ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நியூமன் யு 87 (1967இல் வந்தது) போன்ற மைக் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம். செத்துப்போன யு 87ஐக்கூட அதன் உதிரிகளுக்காக நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. அப்படியிருக்க ஓடுகிற மைக்கை யார் தூக்கிக் கொடுப்பார்? பெரிய உடம்புக்குள் சுண்டுவிரல் நகம் அளவு எலெக்ட்ரெட் என்ற மலிவு ரகக் கேப்ஸ்யூலை வைத்து அனுப்புவது வழக்கமான வேலை.

ஆம்ப்ளிஃபயர் விஷயம் வேறு மாதிரி. அங்கே பிராண்டுப் பெயரைவிட வாட் எண்ணிக்கையில்தான் பொய் அதிகம். உள்ளங்கை அளவுப் பெட்டி, மேலே "200 வாட்" என்று அச்சு, கூடவே 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். இதைப் பிடிக்க நிபுணராக இருக்க வேண்டியதில்லை, பெருக்கத் தெரிந்தால் போதும். 12ஐ 2ஆல் பெருக்கினால் 24. அடாப்டர் தொடர்ந்து தரக்கூடியதே 24 வாட். அதற்கு மேல் எந்த ஆம்பும் தொடர்ந்து கொடுக்க முடியாது. அடாப்டரைப் பெரிதாக்கினாலும் 12 வோல்ட் என்ற எல்லை விடாது. பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரண்டு முனையையும் ஆம்பே ஓட்டும் முறை) ஓடும் ஆம்ப் ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்கு, உச்சி வெட்டுப்படாத அலையாக, 12 வோல்ட்டில் அதிகபட்சம் 9 வாட்தான் தரும். கணக்கு இதுதான்: 12ஐ 12ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம்மை இரட்டித்து வரும் 16ஆல் வகுக்க வேண்டும். 24 வோல்ட் கொடுத்தால் அதே கணக்கில் 36 வாட். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3116டி2 என்ற பிரபலமான சிப்பைத் தயாரித்தவர்களே 21 வோல்ட்டில், 4 ஓம் சுமைக்கு, சேனலுக்கு 50 வாட் என்றுதான் சொல்கிறார்கள். அதே சிப் போட்ட போர்டை வாங்கிப் பெட்டியில் அடைத்து "300 வாட்" என்று எழுதுகிறவர் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்?

இந்த நோய் பழையது. அமெரிக்காவில் 1974லேயே, ஆம்பின் வாட்டைச் சொன்னால் எந்த ஓம் சுமையில், எவ்வளவு ஒலிச் சிதைவுக்குள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். பி.எம்.பி.ஓ. என்று கண நேர உச்சத்தை வாட்டாகக் காட்டிய மூன்று நான்கு இலக்க எண்களை மறந்தவர் இருக்க மாட்டார். ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரக்கூடிய வாட்), ஓம், சிதைவு சதவீதம் ஆகிய மூன்றும் சேர்ந்து எழுதியிருக்கிற மலிவு ஆம்ப் என்றால் எனக்கு முழு சம்மதம். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க, ஓரளவு திறனுள்ள ஸ்பீக்கருக்கு, உண்மையான 20 வாட் தாராளம். பொய் எண்ணைப் போட்டு இந்த நல்ல சாமானையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறார்களே என்பதுதான் என் கோபம்.

பழைய பெரிய ஆம்பை ரிப்பேர் செய்ய ஏலத்தில் உதிரி வாங்குகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஜோடிக்குப் போலிகள் ஏராளம். மேலே உள்ள அச்சு அசல் மாதிரியே இருக்கும். உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டு மட்டும் சிறியது. மெதுவாக ஓட்டினால் தாங்கும், சத்தத்தைக் கூட்டினால் வெடிக்கும். போகும்போது பல சமயம் ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். பெரிய கெப்பாசிட்டர் டப்பாவுக்குள் சின்ன கெப்பாசிட்டரை ஒளித்து வைத்தவையும் உண்டு. உதிரியை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமே வாங்குங்கள். அங்கே மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

பழைய அசல் சாமானில் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அந்தக் குறைகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம், விற்பவரிடம் கேட்கலாம். ஸ்பீக்கர் கோனைச் சுற்றி ஃபோம் விளிம்பு இருந்தால் பத்து இருபது வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும். எந்த விளிம்பு என்று கேளுங்கள், கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். ஃபோம் போயிருந்தாலும் விளிம்பை மட்டும் மாற்றிவிடலாம். கோனை மெல்ல அமுக்கும்போது உள்ளே உரசினால் கம்பிச்சுருளில் (வாய்ஸ் காயில்) கோளாறு. அது செலவு வைக்கும். ஆம்பில் வால்யூம் திருகும்போது கரகரப்பு வந்தால் பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே சரியாகிவிடும். மின்பகு கெப்பாசிட்டர்கள் வயதானவை, மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மனத்தில் ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டே ஏலம் கேளுங்கள். 120 வோல்ட் நாட்டிலிருந்து 230 வோல்ட் நாட்டுக்கு வருகிறதா என்பதையும் பாருங்கள். ரெக்கார்டு பிளேயர் என்றால் தட்டையும் ஊசிக்கையின் பின்னால் இருக்கும் எதிர்எடையையும் கழற்றித் தனியாகச் சுற்றி, ஊசிக்கையைக் கட்டி அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே முடிந்துவிடும்.

ஈபே என்ற ஏலத் தளத்தை 1995இல் தொடங்கிய பியர் ஒமிடியார் அதில் விற்ற முதல் பொருளே பழுதான லேசர் பாயிண்டர்தான். பழுது என்று சொல்லித்தான் விற்றார்; தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். "ஒரு சேனல் வேலை செய்யவில்லை, உதிரிக்காக" என்று போட்டிருக்கும் பழைய ஆம்பை நான் நம்புவதும் அதனால்தான். குறையை எழுதுகிறவர் சாமானைப் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஹெட்ஃபோனில் என் தராசு இரண்டு பக்கமும் சாயும். சென்ஹைசர் எச்.டி.600 மாதிரி வயர் உள்ள மாடல் என்றால் பழையதை எடுக்கலாம். 1997இல் வந்த மாடல் அது. காதுமெத்தையும் கேபிளும் தனித்தனியாகக் கழன்று வரும், புதிது மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். வயர் இல்லாத இயர்பட்ஸ் என்றால் பழையது வேண்டவே வேண்டாம். அந்தச் சின்ன பேட்டரியின் ஆயுள் சில வருடம்தான், பெரும்பாலானவற்றில் மாற்றவும் வழியில்லை. போலி என்றால் அதைவிட மோசம். யார் செய்தது என்று தெரியாத லித்தியம் பேட்டரியைக் காதுக்குள் வைக்கிறோம். இங்கே சொந்தப் பெயர் போட்ட மலிவுப் புதுசுக்குத்தான் என் ஓட்டு. நிறுவனமே புதுப்பித்து விற்பதற்கு வாரண்டி எழுத்தில் இருந்தால், தயங்காமல் எடுக்கலாம்; அதில் பேச அதிகம் இல்லை.

சாமானைப் போலவே விற்பவரையும் ஒப்பிட வேண்டும். நட்சத்திர மதிப்பீடு மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நூறு பேருக்கு ஃபோன் கவர் விற்று நல்ல பேர் வாங்கிய கணக்கு, திடீரென்று ஸ்டூடியோ மைக் விற்க வருவது பழைய உத்தி. முன்பு விற்றது என்ன என்று திறந்து பாருங்கள். நிறுவனத்தின் விளம்பரப் படத்தையே போட்டிருந்தால், இன்றைய தேதி எழுதிய காகிதத்தைச் சாமானுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். தர முடியாது என்றால் அதுவே பதில். பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்குபவருக்குத் தளம் தரும் பாதுகாப்பு அந்த நொடியோடு போய்விடும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு பலமானதல்ல. நகை நிறுவனமான டிஃபனி ஈபே மேல் தொடுத்த வழக்கில், 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தளத்தின் பக்கமே நின்றது. தளத்தில் போலி விற்கிறது என்று பொதுவாகத் தெரிந்திருப்பதாலேயே வர்த்தக முத்திரை மீறலுக்குத் தளம் பொறுப்பாகாது, எந்தப் பட்டியல் போலி என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிலை. ஆகவே வாங்கியவர் கையில் உண்மையில் இருப்பது திருப்பி அனுப்பும் கெடு மட்டுமே. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், எடை போடுங்கள், மைக்கின் தலையைக் கழற்றிப் படம் எடுங்கள், ஆம்பை இரண்டு சேனலிலும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதுவரை நட்சத்திரம் எதுவும் போடாதீர்கள்.