லாரி இன்ஜின் போச்சு: போர் வேலையா, பழைய இன்ஜினா, கம்பெனி மாற்றா?

இன்ஜின் ஜாம் ஆகி நிற்கும் பழைய லாரிக்கு நாலு வழி உண்டு. அதே இன்ஜினைப் பிரித்துப் போர் வேலை (தேய்ந்த சிலிண்டர் துளையைச் சரிசெய்து இன்ஜினைப் புதுப்பிப்பது) பார்க்கலாம். உடைத்த வண்டியின் இன்ஜினை வாங்கி இறக்கலாம். பழையதைக் கொடுத்துவிட்டு, கம்பெனியே புதுப்பித்துத் தரும் ரீகண்டிஷன் இன்ஜினுக்கு மாற்றிக்கொள்ளலாம். வேறு ரக இன்ஜினையே தூக்கி வைக்கலாம். காரைக்குடிப் பக்கம் பட்டறையில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வார்கள்: "அண்ணே, நாமக்கல்ல சொல்லி வச்சா இன்ஜின் வந்துரும், வண்டி ரோட்டுக்கு ஏறிரும்." வண்டி நிற்க நிற்க புதுவயல் மில் லோடு வேறு ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். என் ஓட்டு போர் வேலைக்கு. அதற்குப் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இடம் கொடுக்க வேண்டும்.

கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் பேச்சே இல்லை. அப்படி இல்லையென்றால் பிரித்துப் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். லைனர் (சிலிண்டருக்குள் சொருகிய உருளை) உள்ள இன்ஜினில் லைனரை உருவிப் புதிதாகப் போடலாம். கம்மின்ஸ் 5.9 லிட்டர் போல லைனர் இல்லாத பிளாக் என்றால் போரை அரை மி.மீ. பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். ஏற்கெனவே போர் அடித்த பிளாக்கா என்று அளந்து பார்ப்பது அங்கே முக்கியம். கிராங்கை 0.25 மி.மீ. படிகளில் கிரைண்டிங் செய்து அந்த சைஸுக்குத் தக்க பேரிங் போடுவார்கள். முந்தைய முதலாளி இரண்டு மூன்று படி இறக்கிவிட்டிருந்தால் நமக்கு மிச்சம் கொஞ்சம்தான். டாடா 697 போன்ற பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினில் (97 மி.மீ. போர், 5,675 சி.சி.) எல்லாமே மெக்கானிக்கல், டீசல் பம்ப் உட்பட. அதைப் பிரித்துச் சேர்க்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், கை பழகிய மேஸ்திரி போதும்.

இந்த வழியில் எனக்குள்ள பயம் லேத்து. மெக்கானிக் நல்லவராக இருந்து லேத்துக்காரர் அவசரக்காரராக இருந்தால் மொத்தப் பணமும் வீண். கிராங்க் ஜர்னலை (பேரிங் உட்காரும் இடம்) மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக் கொடுக்காத லேத்துக்கு இரண்டாம் முறை போகத் தேவையில்லை. நாஸிலையும் பம்ப்பையும் "பிறகு பார்த்துக்கலாம்" என்று தள்ளுவதும் கூடாது. டீசலை ஒழுங்காகத் தூவாத நாஸில் புது பிஸ்டன் தலையையே ஓட்டை போட்டுவிடும்.

பழைய இன்ஜினில் நேரம் மிச்சம், சந்தேகம் அதிகம். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, ஏன் உடைத்தார்கள் என்பது விற்பவர் வாய்ச்சொல்தான். முடிந்தால் ஓடவிட்டுப் பாருங்கள், அதுவும் ஆறிக்கிடக்கும்போது. முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது; மூடிக்கடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் கசடு இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பில்லும் உடைத்த வண்டியின் ஆர்.சி. நகலும் கிடைக்கவில்லையா, விலை பாதியானாலும் வேண்டாம். இன்ஜின் நம்பர் நம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியாக வேண்டும். திருட்டு வண்டி இன்ஜின் என்று பின்னால் தெரிந்தால் லாரி ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

கம்பெனி மாற்று (டாடாவில் புரோலைஃப் என்ற பெயரில்) விலை கூடுதல், ஆனால் வாரண்டி உண்டு, பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழிவும் உண்டு. மாதக் கட்டணத்துக்குக் கம்பெனி கான்ட்ராக்டில் ஓடும் வண்டிக்கு இது சரி. சீசனுக்கு ஓடும் வண்டிக்குத் தாங்காது.

வேறு ரக இன்ஜின் வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மவுண்டிங், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் என்று ஒன்று மாற்றினால் இன்னொன்று இழுக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தூவும் காமன் ரயில் இன்ஜின் என்றால் ஈ.சி.யூ.வும் (அந்தக் கம்ப்யூட்டர்) வயரிங்கும் சேர்ந்தே வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எட்டு வயது தாண்டிய வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போயாக வேண்டும், அங்கே மாட்டும்.

எந்த இன்ஜின் இறக்கினாலும் முந்தையது ஏன் போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பேரிங் தேய்ந்து போன இன்ஜினில் உலோகத்தூள் ஆயில் கூலருக்குள் ஒளிந்திருக்கும். கூலரை மாற்றாமல் விட்டால் புது பேரிங்கை அதுவே தின்றுவிடும். டர்போ உடைந்திருந்தால் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவி எடுக்க வேண்டும். ரேடியேட்டரில் உப்புப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி அடைத்து வைத்திருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. அந்தக் காலத்து டிரைவர்கள் ஊருணித் தண்ணீர் ஊற்றினார்கள். இன்று கூலன்ட்டே நல்லது.

ஒரு கணக்கு. மாதம் 4,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 1,000 லிட்டர் டீசல். நல்ல இன்ஜின் 4.5 கொடுத்தால் 889 லிட்டர். மாதம் 111 லிட்டர் மிச்சம். போர் வேலைச் செலவை இந்த 111 லிட்டரின் விலையால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) அத்தனை மாதம் தாங்குமா என்பதையும் பாருங்கள். தொண்டிப் பக்கம் மீன் லோடு அடித்த வண்டியின் சேஸிஸ் உப்புநீரில் அரித்திருந்தால் எந்த இன்ஜினும் வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து டெபாசிட் சான்றிதழ் வாங்கினால் அடுத்த வண்டிக்குச் சாலை வரியில் சலுகை கேட்கலாம்.