மருந்தடிக்கிற மெசின் பற்றரிக்கு ஒரு வோல்ற் காவல்: வேலணையில் பாவித்த அனுபவம்

வெங்காயத்துக்கு மருந்தடிக்கிற முதுகு மெசினுக்குள் இருப்பது 12 வோல்ற், 8 அம்பியர் அவர் (அம்பியர் மணித்தியாலம்) ஈய அமிலப் பற்றரி. போகம் முடிந்து கொட்டிலில் வைத்துவிட்டால் அது தானாகவே இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் தகடுகளில் சல்பேற் இறுகிவிடும், பிறகு சார்ஜ் பிடிக்காது. அதனால் ஏட்மெகா 328பி சிப்பை வைத்து, 12.3 வோல்ற்றுக்குக் கீழே போனால் சிவப்பு லைற் வெட்டி வெட்டி எரிகிற சின்ன போர்ட் இரண்டு செய்தேன். ஒன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டில், மற்றது தீவுப்பகுதியான வேலணையில் மாமாவின் தோட்டத்தில். இரண்டும் மாரியும் கோடையும் கண்டுவிட்டன.

காவலுக்கு வைத்த சாமானே பற்றரியைக் குடிக்கக் கூடாது. அதிகம் குடிப்பது, பற்றரியின் வோல்ற்றைச் சிப்புக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் ரெகுலேற்றர்தான். வழக்கமான 7805 ரெகுலேற்றர் சும்மா இருக்கவே 5 மில்லி அம்பியர் அளவு எடுக்கும், மாதத்துக்கு 3.6 அம்பியர் அவர், பற்றரியில் பாதிக்குக் கிட்ட. நான் போட்டது எச்டி 7533. அதற்கு 2.5 மைக்ரோ அம்பியர் போதும், 24 வோல்ற் வரை தாங்கும். எம்சிபி 1702-உம் சிக்கனம்தான், ஆனால் 13.2 வோல்ற்தான் அதன் எல்லை. சார்ஜ் ஏறும்போது பற்றரி 14.4-ஐத் தொடும் என்பதால் அது சரிவராது.

அடுத்தது பற்றரி வோல்ற்றைச் சிப் அளக்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக் காட்டும் இரண்டு தடைகள். பலரும் போடுகிற 10 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் சோடி இரவு பகலாக 1 மில்லி அம்பியர் இழுக்கும். மாதம் முக்கால் அம்பியர் அவர் வீண். 1 மெகா ஓமும் 68 கிலோ ஓமும் போட்டால் 12 மைக்ரோ அம்பியர்தான். சிப்பின் அளக்கும் காலில் 100 நானோ பரட் கொள்ளளவி வைத்தால் வாசிப்பும் ஆடாது. திருநெல்வேலியில் இந்தச் சோடி இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது.

வேலணையில் அது நிற்கவில்லை. மழை தொடங்கியதும் மல்ரிமீற்றர் 12.3 காட்ட, போர்ட் 12.9 என்றது. உப்புக்காற்றும் ஈரமும் போர்ட்டில் படிந்து, 1 மெகா ஓம் தடைக்குப் பக்கத்தில் கள்ளப்பாதை ஒன்று திறந்துவிடுகிறது. 20 மெகா ஓம் அளவுக் கசிவே இந்த 0.6 வோல்ற் பொய்க்குப் போதும். பற்றரி இறங்கியிருக்க, நன்றாக இருக்கிறது என்று சொல்லும் காவலால் என்ன பயன்?

இப்போது அங்கே இருப்பது 100 கிலோ, 6.8 கிலோ ஓம் சோடி. அதே விகிதம், கசிவு பத்தில் ஒரு பங்குதான் பாதிக்கும். அளக்கும் காலுக்கு முன்னால் இருக்கும் தடைக்குச் சிப்பின் தரவுத்தாள் கேட்கிற 10 கிலோ ஓம் எல்லைக்குள்ளும் அடங்குகிறது. அது தொடர்ந்து இழுக்காமல் இருக்க, பற்றரிப் பக்கத்தில் சுவிட்ச் மாதிரி ஒரு பி சனல் மொஸ்பெட். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, 5 மில்லி செக்கன் பொறுத்து, அளந்து மூடும். சராசரி இழப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. கீழ்ப்பக்கம், அதாவது கிரவுண்டை வெட்டினால் மலிவுதான், ஆனால் முழு 12 வோல்ற்றும் மேல்தடை வழியாகச் சிப்பின் காலில் வந்து நிற்கும். அதைச் செய்யாதீர்கள்.

மொஸ்பெட் தெரிவிலும் கவனம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏஓ 3401 மொஸ்பெட்டின் கேற், அதாவது திறந்து மூடச் சொல்லும் கால், 12 வோல்ற் வரைதான் தாங்கும். சோர்சுக்கும் (பற்றரியோடு சேரும் கால்) கேற்றுக்கும் இடையே 100 கிலோ ஓம், கேற்றுக்கும் அதைக் கீழே இழுக்கும் பிசி 547 ட்ரான்சிஸ்ரருக்கும் இடையே இன்னொரு 100 கிலோ ஓம் போட்டால் கேற்றுக்குப் பாதிதான் போகும்.

சிப் தான் அளப்பதை ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே வைத்திருக்கிற 1.1 வோல்ற் அளவுகோல் சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும். மல்ரிமீற்றரோடு ஒருமுறை ஒப்பிட்டு அந்த எண்ணைப் புரோகிராமில் எழுதிவிட்டால் போதும். அளவுகளுக்கு இடையே சிப் தூங்கி எழும்பியதும் வரும் முதல் சில வாசிப்புகளை எறிந்துவிடுகிறேன்.

போன மாரியில் மாமா கோல் எடுத்தார்: "தம்பி, சிவப்பு லைற் வெட்டுது, சார்ஜில போடட்டோ?" மீற்றர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 12.27. போடச் சொன்னேன்.