1,35,000 ரூபாய்க்கு நான் படித்த இதழியல்

முந்தாநாள் மாலை ஐந்து மணிக்கு அந்த அலுவலகத்தின் கண்ணாடிக் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தினார்கள். அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுது என்கிறாள் தோழி. ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

பறிபோனது 1,35,000 ரூபாய். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அம்மா சங்கிலியை அடகு வைத்துப் புரட்டிய பணம். வாங்கிக்கொண்டது சென்னையில் ஒரு மெட்ரோ நிலையத்தின் அருகே இருக்கும் தனியார் ஊடகப் பயிற்சி நிலையம். பெயரைப் போடாதே என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். வாசலில் பெரிய மைக் படம். அதன் கீழே 'பல்கலைக்கழக அங்கீகாரம் பெற்ற எம்.ஏ. இதழியல், 100 சதவீத வேலைவாய்ப்பு' என்று ஒரு பலகை. இப்படிப் பலகை வைத்த இடம் எங்கே கண்ணில் பட்டாலும் இந்தப் பதிவு உங்கள் நினைவுக்கு வரட்டும்.

நான் சாத்தூர்ப் பக்கம். பி.ஏ. தமிழ் முடித்தவள். நாளிதழ் வந்தால் மாவட்டச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். அதில் என் பெயர் போட்டு ஒரு செய்தி வர வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்தே ஆசை. நெல்லையில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதழியல் துறை இருக்கிறது. இரண்டுமே எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடும் தூரம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கத்தான் இருந்தேன். அந்த நேரத்தில் கைப்பேசியில் இவர்களுடைய விளம்பரம் வந்தது. பல்கலைக்கழகத்தில் வெறும் ஏட்டுப் படிப்பு, இங்கே ஒரே வருடத்தில் பட்டம், பயிற்சி, தொலைக்காட்சி வேலை மூன்றும் என்றார்கள். எம்.ஏ. இரண்டு வருடப் படிப்பாயிற்றே, அதை எப்படி ஒரே வருடத்தில் கொடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். செய்தியாளராகப் போகிறவளாம்!

போன ஜூலையில் அம்மாவும் நானும் ரயிலேறிப் போனோம். இயக்குநர் என்று ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கனிவான குரல். அம்மாவை 'அக்கா' என்றார், என்னைப் 'பாப்பா' என்றார். கட்டணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நேராக ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போனார். பச்சைத் திரைக்கு முன்னால் இருந்த மேசையில் என்னை உட்கார வைத்து, துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு குட்டி மைக்கைக் குத்திவிட்டார்கள். எதிரே கண்ணாடியில் எழுத்து மேலே ஓடத் தொடங்கியது. "வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 97 அடியாக உயர்ந்துள்ளது" என்று நான் படித்தேன். ஐந்து நிமிடத்தில் அந்தப் பச்சைத் திரை இருந்த இடத்தில் நகரமும் நீல வெளிச்சமும் வந்துவிட்டன. பக்கத்து அறையில் பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டினார்கள். கீழே சிவப்புப் பட்டையில் என் பெயர் ஓடியது.

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். "இனி இவள் உங்கள் பொறுப்பு இல்லை அக்கா, என் பொறுப்பு" என்றார். அம்மா மடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்துப் பிரித்தாள். 85,000 ரூபாய், ரொக்கமாக. நாங்கள் ஏமாந்தது அந்த நொடியில்தான். அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறும் கணக்கு.

முதல் மாதம் வகுப்பு நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது வந்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் கீழிருந்துதான் வெட்டுவார்கள், ஆகவே கனமானதை மேலே வை என்று கற்றுக்கொடுத்தார். நான் எழுதிய தீ விபத்துச் செய்தியில் 'பரபரப்பு ஏற்பட்டது' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "யாருக்கு?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த 1,35,000 ரூபாய்க்கு நான் கண்ட படிப்பு அந்த ஒரு தாள்தான். ஆகஸ்ட் கடைசியில் அவர் வருவது நின்றது. சம்பளம் கொடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அப்புறம் 'களப் பயிற்சி'. வேலை தருவதாகச் சொன்ன தொலைக்காட்சி, அதே கட்டடத்தின் மொட்டை மாடிக் கொட்டகையில் இயங்கிய ஒரு யூடியூப் சேனல். கூடவே ஒரு வார இதழின் பெயர் போட்ட 'பிரஸ்' அட்டையைக் கழுத்தில் மாட்டி, விளம்பரக் கட்டணப் பட்டியலைக் கையில் கொடுத்து, கடை கடையாகப் போய் தீபாவளி வாழ்த்து விளம்பரம் பிடித்து வரச் சொன்னார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இப்படி ஒரு பத்திரிகை வருகிறதா?" என்று கேட்டார். அன்றிரவு இந்தியப் பத்திரிகைப் பதிவாளரின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். அந்தத் தலைப்பே அங்கே இல்லை.

அக்டோபரில் ஒரு நாள் ஸ்டுடியோ பக்கம் போனபோது, புதிதாகச் சேர வந்த ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். "வணக்கம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 97 அடியாக உயர்ந்துள்ளது." மூன்று மாதமாக அந்த அணையில் தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போயிருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம் என்று இன்னொரு 50,000 கட்டியிருந்தேன். என் பணம் மாட்டிக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். அந்த அப்பாவின் முகம்தான் இப்போது தூங்க விடாமல் செய்கிறது.

டிசம்பரில் தேர்வு என்றார்கள், நடக்கவில்லை. அவர்கள் கொடுத்த பதிவு எண்ணை, அவர்கள் சொன்ன வடமாநிலப் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்டேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு எண் இல்லை, தமிழ்நாட்டில் எங்களுக்கு மையமும் இல்லை. இந்தப் பதிலை ஜூலையிலேயே வாங்கியிருக்கலாம். காசே செலவில்லை.

அதன் பிறகு ஒன்றரை மாதம் நடையாய் நடந்தேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் டெல்லி போயிருக்கிறார். சர்வர் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை வாருங்கள். எத்தனை திங்கட்கிழமை! பாப்பா என்று அழைத்தவர் 'மேடம்' என்று மாறினார். பிறகு என் எண்ணையே தடை செய்துவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் அவர்களிடம் இருந்தன. நானும் இன்னும் இரண்டு மாணவர்களும் வரவேற்பறைத் தரையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த பிறகே அவை கைக்கு வந்தன. பணத்தைக் கேட்டால், "பயிற்சி எடுத்துக்கொண்டீர்களே, ரசீதைப் படித்துப் பாருங்கள்" என்கிறார்கள்.

படித்தேன். காவல் நிலையத்தில் எழுத்தர் படிக்கச் சொன்ன பிறகுதான் படித்தேன். ரசீதில் எம்.ஏ. இல்லை, இதழியல் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. 'ஸ்டுடியோ பயன்பாட்டுக் கட்டணம் ரூ.85,000. திருப்பித் தரப்படாது.' இரண்டாவது ரசீதில் அதே வாசகம், 50,000. ஆக, அவர்கள் காகிதப்படி நான் 1,35,000 ரூபாய் கொடுத்து வாடகைக்கு ஸ்டுடியோ எடுத்திருக்கிறேன். காவல் நிலையத்தில் என் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கிறார்கள். முந்தாநாள் அதைக் காட்டி இன்னொரு முறை கேட்கப் போனபோதுதான் கதவு சாத்தப்பட்டது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குத்தான், பயிற்சி நிலையத்துக்குக் கிடையாது. தனியார் மையத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தொலைநிலைப் பட்டம் நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடை செய்திருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு அனுமதி என்பது அதன் தளத்திலேயே இருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் இருக்கிறது. அசல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். ரொக்கம் வேண்டாம். ரசீதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள், என்னைப் போல ஆறு மாதம் கழித்து அல்ல. பட்டம் தராத நல்ல இதழியல் கல்லூரிகளும் இருக்கின்றன. அவை பட்டயம்தான் தருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நான் போடப் போகிறேன். என்னோடு தரையில் உட்கார்ந்த இரண்டு பேரும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த ஸ்டுடியோ வீடியோவும் ஓர் ஆதாரமாம், வழக்கறிஞர் கேட்டார். என் கைப்பேசியிலிருந்து எப்போதோ அழித்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டதும் உடனே அனுப்பிவிட்டாள். தொழிற்சாலையில் எத்தனை பேரிடம் அதைக் காட்டியிருப்பாளோ, கேட்கவில்லை. அதைப் பென் டிரைவில் ஏற்றி, இரண்டு ரசீதையும் நகல் எடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.