மதியம் ரெண்டு மணி பஸ்: மூன்று வருடம் கருத்துக் கேட்டுப் பார்த்த அனுபவம்

தடத்தின் எண்ணை எழுதப்போவதில்லை. டெப்போவில் பழகிய முகங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு வம்பு வேண்டாம். சென்னையில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கமிருந்து ஊருக்குள் வந்து திரும்பும் பஸ் என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

நான் புகார் சொல்ல ஆரம்பித்தது சுத்த சுயநலத்தில்தான். 2022இல் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் அது வராது, இல்லையென்றால் இரண்டு பஸ் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். போனில் கூப்பிட்டேன், கடிதம் போட்டேன். "உங்க ஏரியா பஸ் சரியாவே வர்றதில்ல" என்பதைப் பல விதமாக எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. இப்போது அந்தக் கடிதங்களின் நகலை எடுத்துப் படித்தால் நானே பதில் போட்டிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. எந்த பஸ், எந்தப் பக்கம் போவது, எந்த நிறுத்தம், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எதுவுமே அதில் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

கண்டக்டர் ஒருவர்தான் வழி காட்டினார். பஸ்ஸின் உடம்பில் டெப்போவின் எழுத்துகளோடு ஒரு எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். "அதை எழுதினீங்கன்னா, அந்த வண்டி எப்ப எங்க ஓடுச்சுங்கிற டிரிப் ஷீட்டை எடுத்துப் பாக்காம இருக்க முடியாது சார்." அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, நேரம், நிறுத்தம், பஸ் எண் என்று நாலு கட்டம். பஸ் புகாருக்கு 149 என்ற உதவி எண் வந்த பிறகும் அந்த நாலு கட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். எழுதி வைத்ததை வாசிக்கிறவனுக்கு நடுவில் வார்த்தை தடுமாறாது, கோபமும் வராது.

அடுத்த கட்டமாக எங்கள் குடியிருப்பில் கூகுள் ஃபார்ம் ஒன்று சுற்றுக்கு விட்டோம். நாற்பது பேருக்கு மேல் பூர்த்தி செய்தார்கள், பெருமையாகவே இருந்தது. பாதிப் பேர் ஏசி பஸ் கேட்டிருந்தார்கள். நிறுத்தத்தை எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னவர்களும் உண்டு. அதில் சிலர் பஸ்ஸில் ஏறி வருடங்கள் ஆகியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

அதைப் பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருந்தபோதுதான், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா என்னவென்று கேட்டார். சொன்னேன். "காலைல பஸ்ஸப் பத்தியே கேட்டிருக்கீங்களே சார். காலைல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. மதியம் ரெண்டு மணிக்குதான் நாய் படாத பாடு."

அவர் வீடு பெரும்பாக்கத்தில். நகரத்தின் நடுவில் ஆற்றோரம் குடியிருந்தவர்களை குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள் அல்லவா, அப்படிப் போனவர்களில் ஒருவர். வீடு அங்கே போய்விட்டது, வேலை இங்கேயே நின்றுவிட்டது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று அந்தப் பக்கம் முழுக்க இதே கதைதான். காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி வந்து, மூன்று வீட்டு வேலையை முடித்து, ஒன்றரை இரண்டுக்கு நிறுத்தத்தில் வந்து நிற்பார்கள். டிரைவர், கண்டக்டர் ஷிஃப்ட் மாறுவதும் அந்த நேரத்தில்தான். வண்டிகள் டெப்போவுக்குள் போய்விடும். அடுத்த ஆள் ஏறி வெளியே வரும்வரை சாலையில் பஸ் குறைந்துவிடும்.

"பஸ்ஸே இல்லையா?" என்று கேட்டேன். "வரும் சார், டீலக்ஸ் வரும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் மூன்று மாத உழைப்பு கவிழ்ந்தது. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாதது சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான். போன் செயலியில் நான் பார்க்கும்போது கால் மணிக்கு ஒரு பஸ் ஓடும். அந்தக் கால் மணிக் கணக்கு அக்காவுக்குப் பொருந்தாது, அவருக்கு முகத்தில் பிங்க் பெயின்ட் அடித்தது வந்தால்தான் பஸ் வந்ததாக அர்த்தம். அது வராத நாளில் ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். மாதம் இருபத்தாறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 780 ரூபாய்.

டெப்போவின் கணக்கில் இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். டிக்கெட் கணக்கு ஏறியவர்களைத்தான் சொல்லும். கட்டணமில்லாத டிக்கெட்டையும் கிழித்துக் கொடுப்பது இந்த எண்ணிக்கைக்காகத்தான். அதை வாங்காமல் உட்கார்ந்துவிட்டால் அவரும் கணக்கில் இல்லை. நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் போனவருக்கு எந்த மெஷினிலும் பதிவு கிடையாது. இரண்டு மணி டிரிப்பில் கூட்டம் இல்லை என்று காகிதம் சொல்லும். டிரிப்பே ஓடாதபோது கூட்டம் எங்கிருந்து வரும்?

அந்த மாதம் பத்து நாள் மதியம் அரை நாள் விடுப்பு போட்டேன். (வீட்டில் இதற்குக் கிடைத்த பாராட்டு இங்கே வேண்டாம்.) ஒன்றரையிலிருந்து மூன்று வரை நிறுத்தத்தில் நோட்டோடு நின்றேன். முதல் இரண்டு நாள் என்னை செக்கர் என்று நினைத்துத் தள்ளி நின்றார்கள். மூன்றாம் நாள் பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா, "எழுதிக்கோப்பா, நானும் ஒருத்தி" என்றார். அதற்குப் பிறகு கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை. இறங்கும் இடத்தில் விளக்கு எரியாதது, கூடையைப் பார்த்ததும் பஸ் நிற்காமல் போவது, மழை பெய்தால் நிறுத்தத்தை விட்டு எங்கே ஒதுங்குவது என்று வரிசையாக வந்தது. ஃபார்மில் நான் வைத்திருந்த பன்னிரண்டு கேள்விகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

உள்ளதிலேயே துல்லியமாகச் சொன்னவர் ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். எந்தக் கிழமை எத்தனை பேர், எந்த வீதியிலிருந்து வருவார்கள், எங்கே இறங்குவார்கள் என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார். அவருடைய பிழைப்பே பஸ் வராமல் இருப்பதில்தான் இருக்கிறது. அது தெரிந்தும் சொன்னார்.

படி ஏற முடியாதவர்கள் யாரும் என் நோட்டில் இல்லை என்பதை மட்டும் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். நிறுத்தத்துக்கே வராதவரை நிறுத்தத்தில் நின்று எப்படிக் கேட்பது? மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடியவர்கள், அவர்களும் ஏறக்கூடிய பஸ்ஸுக்காக உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தரை 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிற தாழ்தள பஸ்கள் 2024 ஆகஸ்டில் சாலைக்கு வந்தன. நிறுத்தத்தின் பக்கமாகச் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும் அந்த பஸ்ஸில் முதல் தடவை ஏறியபோது, முழங்கால் வலிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ நான் வாங்கிக்கொடுத்ததுபோலச் சிரித்தார்.

எங்கள் மனுவுக்கு வருவோம். நாலு பக்கத்தை ஒரே பக்கமாக்கினேன். மேலே பத்து நாள் எண்ணிக்கை, கீழே கையெழுத்தும் கைநாட்டும். ஒரே கோரிக்கை: எல்லா வண்டிக்கும் ஒரே நேரத்தில் ஷிஃப்ட் மாற்றாமல் இரண்டை மட்டும் முன்பின் தள்ளுங்கள். நேரில் கொடுத்தோம், அக்காவும் வந்திருந்தார். மனுவை வாங்கிய அதிகாரி என்னைவிட அவரிடம்தான் அதிகம் கேள்வி கேட்டார். பிறகு நாலைந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதங்களில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், நானும் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். ஒரு திங்கட்கிழமை 1.50க்கு சாதாரணக் கட்டண பஸ் ஒன்று வந்தது. மறுநாளும் வந்தது. எங்கள் மனுவால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது செயலிகள் நிறைய வந்துவிட்டன. பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் சென்னை ஒன் 2025 செப்டம்பரில் வந்தது, நான் பயன்படுத்துகிறேன், வசதிதான். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். நோட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை.

போன மாதம் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஃபைல் கையில். "நீங்கதானே ரெண்டு மணி பஸ்ஸு மாத்தினவர்?" என்றார். பெருமையோடு தலையாட்டினேன்.

"பதினொண்ணே கால் பஸ்ஸ நிறுத்திட்டாங்க தம்பி. ஓபி முடிச்சு அதுலதான் வீட்டுக்குப் போவேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து, அவர் எந்தெந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.